டார்னீட் தமிழ்ச் சொந்தங்கள் (மெல்போர்ன் வாட்ஸ்அப் குரூப்): 16 செப்டம்பர் 2020, புதன்

சுதா (மாலை 6:40): செந்தில் யாரிடமாவது பேசினானா? நான் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. மெசேஜுக்கு நீல டிக் விழுகிறது, அவ்வளவுதான்.

கார்த்திக்: எனக்கும் அதே

மீனா: அவங்க அப்பா தகனத்தை வீடியோவில் பார்த்ததிலிருந்தே ஆள் சரியில்லை

அருள்: நாளைக்கு மகாளய அமாவாசை. வாழைக்காய் எந்தக் கடையில் இருக்கிறது?

சுதா: அருள், கொஞ்சம் பொறு

ராஜேந்திரன் அங்கிள்: அன்புச் சொந்தங்களே, இதை நிதானமாக அணுக வேண்டும். துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு, தூக்கமும் சாப்பாடும் கெட்டு நாள்கணக்கில் ஒருவன் பேசாமல் இருந்தால் விட்டுவிடக் கூடாது. முதலில் குடும்ப டாக்டரிடம் போய் மனநல சிகிச்சைத் திட்டம் எழுதி வாங்க வேண்டும். அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேரில் வருடத்துக்கு 10 முறை சைக்காலஜிஸ்டைப் பார்க்கலாம், இப்போது லாக்டவுன் என்பதால் நம் விக்டோரியாக்காரர்களுக்கு இன்னும் 10 சேர்த்திருக்கிறார்கள், ஆக மொத்தம் 20. வெளியே கூடப் போக வேண்டாம், வீடியோவிலேயே பேசலாம். இரண்டாவதாக

பிரியா: அங்கிள், அவனுக்கு மெடிகேரே கிடையாது. 482 விசா, தற்காலிக வேலை விசா.

ராஜேந்திரன் அங்கிள்: ஓ. சரி, அப்படியென்றால் பியாண்ட் ப்ளூ என்ற மனநல ஹெல்ப்லைன், 1300 22 4636. இங்கிலீஷில் மனம்விட்டுப் பேச வராது என்றால் 131 450-ஐக் கூப்பிட்டுத் தமிழ் என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளரை வைத்து அவர்களே அங்கே இணைத்துத் தருவார்கள்.

பாலா அண்ணை: எங்கட போனையே எடுக்காதவன் அந்த நம்பருக்கு எடுப்பானோ?

மீனா: 😐

பிரியா: அவனுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. கவுன்சலிங் போனால் பி.ஆர். என்கிற நிரந்தர விசாவுக்கான மெடிக்கலில் ஏதாவது வந்துவிடுமோ என்று போன மாதமே கேட்டான். ஹெல்ப்லைனில் பேரே சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். நம்பவில்லை.

கார்த்திக்: பேசாமல் ஊருக்குப் போய் அம்மாவோடு இருக்கலாமே

பிரியா: போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வருவதுதான் பிரச்சினை. டெம்பரரி விசாக்காரன் உள்ளே வர பார்டர் ஃபோர்ஸ் விலக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலை, வீடு, காரு எல்லாம் இங்கே, அவன் அங்கே. நமக்கு நேர் எதிர், சிட்டிசனும் பி.ஆரும் வெளியே போகவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

பாலா அண்ணை: ஏப்ரல்ல பிரதமர் மொரிசனே சொன்னவர்தானே, சமாளிக்க ஏலாட்டி ஊருக்குப் போங்கோ எண்டு

சுதா: நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு வரட்டுமா?

திவ்யா: செந்தில் இருக்கும் ஹாப்பர்ஸ் கிராசிங் உங்கள் வீட்டிலிருந்து லாக்டவுனின் 5 கிலோமீட்டர் எல்லைக்குள் வருமா அக்கா? பார்த்துப் போங்க, ஃபைன் 1,652 டாலர்

ராஜேந்திரன் அங்கிள்: பராமரிப்புக்காகப் போவதற்கு 5 கிலோமீட்டர் கணக்கு இல்லை. மேலும் திங்கள் முதல் தனியாக வசிப்பவர்கள் ஒரே ஒரு நபரைத் தங்கள் 'பபிள்' என்று சொல்லி வீட்டுக்கு அழைக்கலாம். ஒருவர்தான், ஆளை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. ஊரடங்கும் இப்போது இரவு 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. இதையெல்லாம் நான் ஞாயிறு அன்றே இங்கே விளக்கமாகப் போட்டேன், யாரும் படிக்கவில்லை.

பாலா அண்ணை: பொங்கல் விழாக் கணக்கையும் இப்பிடி விளக்கமாப் போட்டிருக்கலாம் அண்ணை

ராஜேந்திரன் அங்கிள்: பாலா, ரசீது எல்லாம் ஃபைலில் இருக்கிறது. லாக்டவுன் முடிந்ததும் நீங்களே வந்து பாருங்கள்.

மீனா: ஐயோ இப்ப அது எதுக்கு

மீனா: ஒரு நிமிஷம். செந்தில் இந்தக் குரூப்பில்தானே இருக்கிறான்??

கார்த்திக்: 🙈

பிரியா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில் (7:21): படித்துவிட்டேன் பிரியா, நீக்கி என்ன ஆகப்போகிறது

சுதா: டேய் தம்பி! சாப்பிட்டாயா?

செந்தில்: ஃப்ரிட்ஜில் நாலு டப்பா சாம்பார் இருக்கிறது அக்கா. எல்லாம் நீங்கள் எல்லாரும் கொண்டுவந்து வைத்ததுதான். தயவுசெய்து இனி சாம்பார் வேண்டாம்.

மீனா: 😂 சாரிப்பா

செந்தில்: போன் எடுக்காததற்குக் காரணம் எதுவும் இல்லை. எடுத்தால் எல்லாரும் "எப்படி இருக்கே" என்று கேட்கிறீர்கள், "நல்லா இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஞாயிறு 16-ஆம் நாள். அண்ணன் காலை 6 மணிக்கு ஆரம்பிக்கிறான், இங்கே பத்தரை. தகனத்தை பெட்ரூமில் தனியாக உட்கார்ந்து போனில் பார்த்தேன், நடுவில் நெட் வேறு போய்விட்டது. இன்னொரு தடவை அப்படி முடியாது. யாராவது பக்கத்தில் இருந்தால் போதும், பேசக்கூட வேண்டாம்.

ராஜேந்திரன் அங்கிள்: தம்பி, நான் வருகிறேன்.

மீனா: உங்களுக்கு சுகரும் பிபியும் இருக்கிறது அங்கிள், ஆன்ட்டி விடவே மாட்டாங்க

பிரியா: நான் வார்டில் வேலை பார்க்கிறேன், என்னை விட்டுவிடுங்கள்

கார்த்திக்: நான் போகிறேன்

திவ்யா: கார்த்திக், உள்ளே வா, பேசணும். வீட்டில் உங்க அம்மா இருக்காங்க

பாலா அண்ணை: ஞாயிறு விடிய ஆறு மணிக்கு எனக்கு நைட் ஷிஃப்ட் முடியும். குளிச்சிட்டுப் பத்துக்கு அங்க நிப்பன். நித்திரை கொண்டாலும் பக்கத்தில இருந்துதான் கொள்ளுவன்

அருள்: உங்கள் வேர்ஹவுஸில் போன வாரம் கொரோனா கேஸ் வந்ததே அண்ணா?

பாலா அண்ணை: அது மற்ற ஷிஃப்ட். நான் டெஸ்ட் செய்து நெகட்டிவ். வேணுமெண்டா நாளைக்கும் செய்யிறன்

ராஜேந்திரன் அங்கிள்: ஒருவரைத்தான் சொல்ல முடியும் என்பதால் யோசித்து முடிவெடுங்கள். ஞாயிறோடு முடியும் விஷயம் இல்லை, லாக்டவுன் முடியும்வரை அவர்தான் போக முடியும். தவிர, வெளியே இரண்டு பேர் சேர்ந்து இரண்டு மணி நேரம் நடக்கலாம். அதற்கு நாம் முறை போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல்

கார்த்திக்: வெள்ளி சாயங்காலம் நடக்க நான். 5 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறேன்

செந்தில்: பாலா அண்ணனா கார்த்திக்கா என்று நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள். பட்டியல் எல்லாம் வேண்டாம் அங்கிள்

ராஜேந்திரன் அங்கிள்: சரி. ஆனாலும் ஒரு வரைவு தயார் செய்து வைக்கிறேன்.

செந்தில்: இன்னொன்று, என் லேப்டாப் சார்ஜர் போய்விட்டது. ஞாயிறுக்குப் பெரிய ஸ்கிரீன் வேண்டும். யாரிடமாவது டெல் சார்ஜர் இருக்கிறதா?

கார்த்திக்: குண்டு பின்னா, சின்னதா?

செந்தில்: பார்த்துச் சொல்கிறேன்