மெக்சிகோக் கடற்கரை ஊர்களில் ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு: சிவத்தனேஹோ

பசிபிக் கரையில், கெர்ரேரோ மாநிலத்தில் இருக்கிறது சிவத்தனேஹோ. பக்கத்திலேயே இக்ஸ்தாபா, 1970-களில் அரசு திட்டமிட்டு எழுப்பிய ஓட்டல் நகரம். அங்கே அறை எடுப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தூங்குவதற்கு இக்ஸ்தாபா போதும், சாப்பிடுவதற்குச் சிவத்தனேஹோவுக்கு வந்துவிடுங்கள்.

காலையில் பிளாயா பிரின்சிபால் கடற்கரைக்குப் போனால் மீன்பிடிப் படகுகள் கரையேறியிருக்கும். மணலிலேயே வியாபாரம் நடக்கும். அங்கே மீன் அறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். "நல்ல உணவகம் எது?" என்று கேட்டால், நம் முகத்தைப் பார்த்ததும் ஆங்கில மெனு இருக்கும் கடையைத்தான் காட்டுவார்கள். நாம் சிரமப்படக் கூடாது என்ற அக்கறைதான் காரணம். நான் அவர் சாப்பிடும் இடத்தைக் கேட்டதும், அவர் கையிலிருந்த கத்தியாலேயே சந்தைப் பக்கம் காட்டினார்.

சந்தைக்குள் இருந்த சிறிய கடையில் ஓர் அம்மாள் திரித்தாஸ் செய்துகொண்டிருந்தார். இந்த ஊரின் பெயரைச் சொல்லும் உணவு அது. தோல் நீக்கிய மீனைச் சுண்டுவிரல் பருமனுக்கு நீள நீளமாக அரிந்தார். மேலே எலுமிச்சைச் சாறு பிழிந்து, மெல்லிய சிவப்பு வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்தார். கடைசியாக உலர்ந்த ஓரிகானோ இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தூவினார். அடுப்புக்கு வேலையே இல்லை. சாறு பட்டதும் மீனின் ஓரங்கள் வெளுக்கின்றன, நடுவில் பளபளப்பு மாறுவதற்குள் தட்டு நம் கைக்கு வந்துவிடுகிறது. உப்பு பிஸ்கட்டின் மேல் வைத்துச் சாப்பிட வேண்டும். அன்று காலை பிடித்த மீனாக இருந்தால்தான் இது செல்லும். அதனால் மாலையில் யாராவது திரித்தாஸ் தருகிறேன் என்றால் நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது பொசோலே. கெர்ரேரோ முழுவதும் வியாழக்கிழமை என்றால் பொசோலேதான். சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய பெரிய மக்காச்சோள மணிகளை இறைச்சியோடு கொதிக்கவிட்ட குழம்பு அது. இந்த மாநிலத்தில் பூசணி விதையையும் பச்சை மூலிகைகளையும் அரைத்துவிட்டுப் பச்சை நிறத்தில் செய்கிறார்கள். கிண்ணத்தோடு அவகாடோ, வெங்காயம், எலுமிச்சை, மிளகாய்த்தூள், பொரித்த பன்றித்தோல் எல்லாம் தனித்தனியாக வரும். எதை எவ்வளவு போடுவது என்பது அவரவர் விருப்பம். பக்கத்து மேசையில் பாட்டி முதல் பேரக்குழந்தை வரை ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. அந்தப் பாட்டி என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் தட்டிலிருந்த ஓரிகானோவை என் பக்கம் நகர்த்தினார். சேர்த்த பிறகு ருசியே வேறாகிவிட்டது. உங்கள் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் சிவத்தனேஹோவுக்குக் கிடைக்கும் என்றால், அது வியாழக்கிழமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: புவெர்த்தோ வயார்த்தா

நேரத்தைப் பற்றி மேலே சொன்னதை நான் முழுக்க ஆமோதிக்கிறேன். ஹலிஸ்கோ மாநிலத்து வயார்த்தாவில் மீன், இறால் கடைகள் பகலோடு சரி, மாலைக்குள் மூடிவிடுவார்கள். பிர்ரியா என்னும் ஆட்டுக்கறிக் குழம்புக்குக் காலையிலேயே போக வேண்டும். மெல்லிய ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தரும் தெருவோரத் தாக்கோ கடைகளுக்கு இருட்டிய பிறகுதான் உயிர் வரும். இந்த ஒழுங்கு தெரியாமல் இரவு எட்டு மணிக்கு மீன் தேடினால், கடலோர நடைபாதையான மலெகோனில் சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகம்தான் மிஞ்சும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஃபோண்டா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடுங்கள். குடும்பமாக நடத்துபவை அவை. சூப், சோறு, அன்றைய குழம்பு, பீன்ஸ் பயறு, தோர்தியா என்ற மெல்லிய ரொட்டி, பழச்சாறு கலந்த தண்ணீர் என்று எல்லாம் சேர்த்து ஒரே விலைக்குத் தருவார்கள். வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பதுதான் மெனு. இரண்டு மணிக்கு மேல் வேலை முடித்து வருபவர்களால் இடம் நிறைந்துவிடும். புதிதாக உள்ளே வருபவர்கள், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து "ப்ரொவேச்சோ" என்று வாழ்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நானும் சொல்லப் பழகினேன். அதன்பிறகு அந்நியன் என்ற உணர்வு போய்விட்டது. நீங்களாகக் கேட்காமல் பில் வராது, காத்திருக்காதீர்கள்.

தூபாவைச் சொல்லாமல் விட முடியாது. மலெகோனில் பெரிய சுரைக்குடுக்கையோடு நிற்பவரிடம் கேளுங்கள். தென்னம்பாளையிலிருந்து இறக்கும் பானம் அது. நறுக்கிய ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் தூவிக் கோப்பையில் தருகிறார்கள். ஒரு வாய் குடித்ததும் பதநீர் நினைவு வந்து நின்றுவிட்டேன். மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் மக்கள்தான் பாளை சீவும் தொழிலை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தூபா என்ற பெயரும் அவர்களுடையதே.

மறுமொழி: சைவம் சாப்பிடுபவர்களுக்கு

நான் மீனும் சாப்பிடாதவள். இந்தக் கரையில் எனக்குப் பட்டினி நேரவில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும். அவர்கள் கணக்கில் இறைச்சி என்பது பெரும்பாலும் மாட்டுக்கறி. சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும், பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பதும் சாதாரணம். கொழுப்புக்கு "மன்தேகா" என்று பெயர், அந்தச் சொல்லைப் பயன்படுத்தியே கேளுங்கள். கோதுமைத் தோர்தியாவிலும் அது இருக்கலாம். மக்காச்சோளத் தோர்தியா பெரும்பாலும் பாதுகாப்பானது.

சந்தைப் பெண்களிடம் பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துச் சுட்ட தோர்தியாவான கேசடியாவைக் கேளுங்கள், நோப்பால் என்னும் கள்ளிமடல் வதக்கலும் கிடைக்கும். நான் வழக்கமாகப் போன கடையில், கொமால் கல்லை நன்றாகத் துடைத்துவிட்டு எனக்கு முதலில் சுட்டுக் கொடுத்த பிறகே மற்றவர்களுக்கு இறைச்சி போட்டார்கள். நான் அதைக் கேட்கக்கூட இல்லை. வழியில் மாம்பழத்தில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் வண்டிகளைக் கண்டால் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.