நம்ம தொழிலில் கணக்கில் எழுத மறந்த ஆள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆம்பூர் அப்பர் யூனிட்

மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுக்கிறேன். ஜாப் வொர்க். 42 மிஷின். தோல் கம்பெனியுடையது, தேதி கம்பெனியுடையது, ஆளும் மிஷினும் நம்முடையது. இங்கே பாதிப் பேருக்கு இது தெரிந்ததுதான்.

யாரை எல்லாம் அனுசரித்துப் போகணும் என்று ஒரு நோட்டே போட்டிருந்தேன். கம்பெனி புரொடக்ஷன் மேனேஜர், சரக்கைப் பார்த்து பாஸ் பண்ணும் செக்கர், பேங்க், நூல் கடை, மின்வாரிய லைன்மேன் வரைக்கும் அதில் இருந்தார்கள். யாருக்கு எப்போது போன் பண்ணணும் என்பதும் அதில் இருக்கும். பேரணாம்பட்டு ரோட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வரும் வேன்காரர் மட்டும் அந்த நோட்டில் இல்லை. கம்பெனியிலிருந்து பில் பணம் வராததால், சம்பளத்தை முதலில் கொடுத்துவிட்டு வேன் வாடகையை மூன்று மாசம் தள்ளிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்கு உள்ளே போகிறேன், 42 மிஷினில் 31 மிஷின் மேல் போட்ட துணி எடுக்காமல் அப்படியே இருக்கிறது. அடுத்த நாள் லாரி ஏற்ற வேண்டிய சரக்கு. போன் பண்ணினால், "வண்டி ரெடியாதான் இருக்கு சார், டீசலுக்குத்தான் காசு இல்ல" என்றார். கோபத்தில் நான் ஏதோ பேசிவிட்டேன். பத்து மணிக்கு பைக்கில் நேரே வந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"சார், நைட்டு ஓவர்டைம் முடிஞ்சு கடைசி ரெண்டு பொண்ணுங்கள எறக்கிவிட்டா, அவங்க உள்ள போயி லைட்டப் போடுற வரைக்கும் நான் வண்டியத் திருப்ப மாட்டேன். அத வூட்ல பாத்துட்டுதான் ஓவர்டைமுக்கு அனுப்புறாங்க. உங்களப் பாத்து இல்ல."

எத்தனை ராத்திரி அந்த ஓவர்டைமை வைத்து நான் தேதியைப் பிடித்திருக்கிறேன்! இதே மாதிரி உங்களுக்கும் ஒருவர் இருந்திருப்பார். எழுதுங்கள்.

தோட்டப்பாளையம் லாட்ஜ்

எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தார்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் லாட்ஜ். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசத்து ஆட்கள்தான் அதிகம். மாசக்கணக்கில் தங்குவார்கள், மூணு வேளையும் வெளியே சாப்பிட்டுக் கட்டுப்படி ஆகாது. அதனால் சமைத்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறோம். மாநகராட்சி, தீயணைப்பு, ஆட்டோ ஸ்டாண்ட், வெளிநாட்டு ஆள் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தரும் சி ஃபாரம் என்று எல்லாரையும் சரியாகத்தான் பார்த்துக்கொண்டோம்.

ஒரு சித்திரை மாசம் பின் வீட்டு அம்மா ரிசப்ஷனுக்கே வந்தார். எழுபது வயசு இருக்கும். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய வடாம். நேரே என் மூக்குக்கு நேராக நீட்டி, "மோந்து பாருப்பா" என்றார். கடுகெண்ணெயில் மீன் வறுத்த வாசனை. அவர்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே போகாது. எங்கள் சமையல் ரூம் ஃபேன் அத்தனை புகையையும் அவர்கள் மொட்டை மாடிக்குத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. "எட்டு வருஷமா நீயே கவனிப்பேன்னு இருந்தேன்" என்றார்.

எட்டு வருஷமும் ஒரே சுவர், எனக்கு அவர் பெயர் தெரியாது. அந்த வாரமே தகரக் குழாய் வைத்துப் புகையை மேலே ஏற்றிவிட்டோம், இரண்டு நாள் வேலைதான். ஆனால் அதற்கப்புறம் அந்த மாடியில் அவர் வடாம் காய வைத்து நான் பார்க்கவில்லை.

பாலாற்றங்கரை

முதலில் எழுதியவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வேன்காரருக்கும் உங்களுக்கும் நடுவே இருந்தது பாக்கி. கொடுத்தால் தீர்ந்துபோகும். லாட்ஜ்காரர் சொன்னதுதான் விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. நமக்கும் அவருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கல் வாங்கல் இருக்காது, ஆனால் நம் தொழில் அவர் தலையில் விடிந்துகொண்டிருக்கும். அந்த ஆளைத்தான் தேட வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் ஷாப் இருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பம், எனக்குப் பன்னிரண்டு வயசு. கழனி வைத்திருந்த பெரியவர் ஒருவர் பித்தளைச் சொம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவின் மேஜை மேல் வைத்தார். மேலே நுரை மாதிரி ஒரு படலம். அப்பா மரியாதையாக உட்காரச் சொல்லி, டீ சொல்லப் பையனைக் கூப்பிட்டார். பெரியவர் சொம்பைத் தள்ளி வைத்து, "இந்தத் தண்ணியில போட்டுக் குடுங்க முதலாளி, குடிக்கிறேன்" என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. அவர் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேஜைக் கண்ணாடி மேல் வட்டமாக ஈரம் இருந்தது, வெகுநேரம் காயவில்லை.

எங்கள் ஷாப்பில் யாரும் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றுமதி ஆள், கெமிக்கல் ஏஜென்ட், பேங்க் எல்லாரும் சுமுகமாக இருக்கும்போது தொழிலுக்கு என்ன குறை என்று நினைத்தார்கள். அப்போதே வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் சொன்னார்கள். வட ஆற்காடு உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஷாப்களுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராமலும் சொந்தமாகச் சுத்திகரிப்பு வசதி வைக்காமலும் இருப்பவர்கள் மூட வேண்டியதுதான். 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக, இதே இழப்பீட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்தப் பெரியவர் நியாயத்தை முதலில் எங்கள் மேஜைக்குத்தான் கொண்டுவந்தார்.

காட்பாடி, பேங்க் ஓய்வு

சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் இடம் வாங்கியிருந்த ஒரு இளைஞரிடம், உங்கள் தொழில் யார் யாரை நம்பி இருக்கிறது என்று கேட்டேன். "கஸ்டமர், பேங்க், கவர்ன்மென்ட்" என்றார். சொல்லும்போது பக்கத்து நாற்காலியில் அவர் அம்மா கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறோடு உட்கார்ந்திருந்தார். நகை எல்லாம் எங்கள் பேங்கிலேயே அடகில் இருந்தது. அம்மாவின் பெயரையும் சொல்லுப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நோட்டில் ஆட்களை எழுதுவதற்கு முன்னால் சரக்கோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். லாரியிலிருந்து இறங்குவதில் ஆரம்பித்து, கழிவு எங்கே போய் விழுகிறது என்பது வரைக்கும். எத்தனை கை படுகிறதோ, எத்தனை வீட்டைத் தாண்டுகிறதோ, அத்தனையையும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கேள்வி. இவர் நினைத்தால் நம் வேலை நிற்குமா? நாம் செய்வது இவருக்கு உறைக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வாரம் ஒரு முறையாவது நேரில் பேச வேண்டிய ஆள். வேலையை நிறுத்த முடியும், ஆனால் நம்மேல் பெரிய கவனம் இல்லை என்றால், லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகம் மாதிரி, காகிதத்தைத் தேதி தவறாமல் கொடுத்துத் திருப்தியாக வைக்க வேண்டும். உறைக்கும், ஆனால் நிறுத்தும் பலம் இல்லை என்பவரைத்தான் நாம் எல்லாரும் விட்டுவிடுகிறோம். பின் வீட்டு அம்மாவும் சொம்பு கொண்டுவந்தவரும் அங்கேதான் இருந்தார்கள். அந்த இடத்தில் இருப்பவர் பத்துப் பேரோடு சேர்ந்தால் அடுத்த வருஷமே பலம் உள்ளவராகி விடுவார். அதனால் பட்டியலை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள்.

பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று இப்போது வந்துவிட்டது. ஆம்பூர் தம்பிக்கு: உங்களுக்குப் பில் பணம் தராத கம்பெனியும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. பதிவு செய்திருக்கிறீர்களா?

ஆம்பூர் அப்பர் யூனிட்

பதிவு உண்டு சார். கம்பெனியிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடும். அதுதான் இங்கே எங்கள் நிலைமை.

பாலாற்றங்கரை அண்ணனுக்கு: பாக்கி முழுவதையும் அன்று மத்தியானமே கடன் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, எண்ணிப் பார்த்து, மாசம் முடிகிற வரைக்கும் ஓட்டினார். அப்புறம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புது வேன் நல்ல வேன்தான். ஆனால் ஏழு பெண்கள் இன்றுவரை ஆறு மணிக்கு மேல் இருப்பதில்லை. பணம் கொடுத்தேன், தீரவில்லை.

குடியாத்தம் தறி

பேங்க் சார், உங்கள் பட்டியலில் ஊர் எங்கே வரும்? வெளியூர்ப் பார்ட்டியிடம் மே 15க்கு லுங்கி பேல் ஏற்றுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அன்றுதான் வைகாசி 1, அம்மன் சிரசை ஊர்வலமாக எடுத்துப் போகும் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்தவன், தேதியைச் சொல்லும்போது எனக்கே தோன்றவில்லை. அன்று காலையில் தறிக் கொட்டாயில் நான் ஒருவன்தான் நிற்கிறேன், தெருவில் சிரசு போகிற மேளச் சத்தம் கேட்கிறது. என்னிடம் இருபது வருஷமாக ஓட்டும் பெரியவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, அம்மாவப் பாக்க வராம உள்ள நின்னுக்கினு கீறே?" என்று கேட்டார். கதவைப் பூட்டிவிட்டு ஓடினேன். பார்ட்டிக்கு மறுநாள்தான் போன் பண்ணினேன்.

இலவம்பாடி முள் கத்தரி

நாங்கள் கத்தரிக்காய் போடுகிறவர்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், ஆம்பூர்ப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை முதலாளி தானே கூப்பிட்டு, தினம் இருபது கிலோ போடுங்கம்மா என்றார். ஒரு மாசம் நன்றாகப் போனது. அப்புறம் பத்து கிலோ என்றார். அப்புறம் சொத்தை அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் நானே பார்த்துப் பொறுக்கின காய்க்கு அந்தப் பெயர்.

மனசு கேட்காமல் நேரே போனேன். முதலாளி இல்லை. பின்கட்டில் காய் நறுக்கும் அக்காவிடம், எங்கே அக்கா சொத்தை, காட்டுங்க என்று கேட்டேன். அவர் காயைக் காட்டவில்லை. கையைக் காட்டினார். கட்டை விரல், ஆள்காட்டி விரல் நுனி முழுக்கப் புள்ளிப் புள்ளியாகக் கறுத்திருந்தது. ஒன்றில் சீழ் வைத்திருந்தது. "உன் காய் ருசிதான்மா. காம்புல முள்ளு. தெனம் இருவது கிலோ" என்றார்.

எங்கள் வீட்டில் காம்பைப் பிடிக்கிற விதம் சின்ன வயசிலேயே கைக்கு வந்துவிடும், முள் என்றே தோன்றாது. இப்போது கத்தரிக்கோலால் காம்பு முள்ளை வெட்டிவிட்டுத்தான் கூடையில் போடுகிறோம். கிலோவுக்குக் கூடுதலாக ஐந்து நிமிஷம் பிடிக்கிறது. காம்பைக் கிட்ட வெட்டினால் காய் சீக்கிரம் வதங்கும், அதனால் முள்ளை மட்டும் வெட்ட வேண்டியிருக்கிறது. போன வாரம் ஐந்து கிலோ மட்டும் அந்த அக்காவிடமே கொடுத்தேன். நறுக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.