உதவி: வீட்டோட தங்கி அம்மாவைப் பாத்துக்கிட வந்திருக்க அக்காவுக்கு எந்த பேங்க்ல கணக்கு தொடங்கலாம்? (பாளையங்கோட்டை)

பெருமாள்புரத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில வேலை பாக்கேன். அம்மா மட்டும் பாளையில. குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்த பிறகு தனியா விட மனசு வரலை. ஆலங்குளம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்து வீட்டோட தங்கியிருக்காவ. வந்து ஒரு மாசம் ஆச்சு. சம்பளம் 14,000.

முதல் மாசம் ஊருக்கு வந்தப்போ கையில கொடுத்துட்டேன். இனி இங்க இருந்துதான் போடணும். அம்மா கணக்குல போட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம்னா, அம்மாவால வாசப்படி இறங்க முடியாது. "உங்க கணக்கு நம்பர் தாங்கக்கா"ன்னேன். "அதுல போடாதீங்க தம்பி, போட்டா என் கைக்கு வராது"ன்னுட்டாவ. கார்டு ஊர்ல மாமியார்கிட்ட இருக்காம். அதுக்கு மேல நான் துருவலை.

ஆதார் இருக்கு, ஆனா ஊர் விலாசம். பான் இல்லை. பட்டன் போன். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு தனியார் பேங்க்ல விசாரிச்சா எப்பவும் 10,000 இருப்பு இருக்கணும்னு சொல்லுதாங்க. சம்பளமே 14,000! எந்த பேங்க் சரிப்படும்?

தாமிரபரணி தண்ணி:
ஜன்தன் போடுங்க. இருப்பு வைக்க வேண்டாம், ரூபே கார்டு சும்மா தருவாங்க, 2 லட்சம் விபத்துக் காப்பீடும் உண்டு. முடிஞ்சுது சோலி.

பெருமாள்புரத்தான்:
மாமியார்கிட்ட இருக்கதே ஜன்தன் கார்டுதான் அண்ணே.

கவுண்டர்ல 31 வருஷம்:
பேங்க் பேரைப் பொறவு பாப்போம். அந்த அம்மாவோட ஆதார்ல எந்த போன் நம்பர் இருக்கு? கேட்டுட்டு வாங்க.

பெருமாள்புரத்தான்:
கேட்டேன். கொழுந்தன் நம்பராம். கையில இருக்க சிம்மும் அவர் பேர்லதான் வாங்கினதாம். புதுக் கணக்குக்கு என் நம்பரையே கொடுத்துரலாமா சார்? மெசேஜ் வந்தா நான் சொல்லிருவேன்.

கவுண்டர்ல 31 வருஷம்:
கொடுத்தீங்கன்னா மாமியாருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் தம்பி? கோவப்படாதீங்க. நல்ல மனசோட வேலைக்கார அம்மாவைக் கூட்டிட்டு வந்து, படிவத்துல தன் நம்பரை எழுதின முதலாளிகளை நான் நிறையப் பாத்திருக்கேன். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த அம்மா வேலையை விட்டுட்டுப் போவா. ஓடிபி மட்டும் இங்க வந்துக்கிட்டே இருக்கும்.

வரிசையாச் சொல்லுதேன். முதல்ல அவங்க பேர்ல ஒரு சிம். அடுத்து தபால் நிலையத்துலயோ வேற ஆதார் மையத்துலயோ அந்த நம்பரை ஆதார்ல ஏத்துங்க. அவங்களே நேர்ல போகணும், ரேகை வைக்கணும். இதைச் செய்யாம கணக்கு தொடங்கினா, நீங்க பாளையில பட்டனைத் தட்டுவீங்க, ஆலங்குளத்துல மணி அடிக்கும்.

பொறவு பேங்க். அவங்களுக்கு ஜன்தன் ஏற்கெனவே இருக்கறதால இன்னொண்ணு தேட வேண்டாம். வேற பேங்க்ல சாதாரண சேமிப்புக் கணக்கே போதும். இருப்புத் தொல்லை இப்ப பல அரசு பேங்க்ல கிடையாது. ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சுலயே எடுத்துட்டாங்க, கனரா 2025 ஜூன்ல, இந்தியன் பேங்க் 2025 ஜூலையில. ஆனா கார்டுக்கு வருஷக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம் எவ்வளவுன்னு கவுண்டர்லயே கேட்டுருங்க. மூணுல எதுன்னு என்னைக் கேட்டா, உங்க அம்மா மத்தியானம் கண்ணசர்ற நேரத்துல அந்த அம்மா நடந்து போயிட்டுத் திரும்பற தூரத்துல எது இருக்கோ அது. பட்டன் போன் வச்சிருக்கவங்களுக்குக் கிளைதான் பேங்க்.

பான் இல்லைன்னா உறுதிமொழிப் படிவம் ஒண்ணு உண்டு. எங்க காலத்துல 60-ஆம் நம்பர் படிவம்னு சொல்லுவோம். அது போதும்.

விலாசம்தான் முக்கியம். ஆதார் விலாசத்தையே தபால் விலாசமாப் போட்டுட்டா, புதுக் கார்டு நேரா மாமியார் வீட்டு வாசல்ல போய் இறங்கும்! ஆதாரைக் கொடுத்துட்டு, இப்ப குடியிருக்கது வேற விலாசம்னு அவங்களே எழுதிக் கொடுக்க விதியில இடம் இருக்கு. உங்க வீட்டு விலாசத்தை எழுதச் சொல்லுங்க. இன்னொண்ணு, அவங்க ஆதார்ல திருநெல்வேலி மாவட்டம்னு இருக்கும். 2019 நவம்பர்ல தென்காசி பிரிஞ்ச பிறகு ஆலங்குளம் அந்தப் பக்கம் போயிட்டு. புதுசா வந்த வெளியூர்ப் பையன் கவுண்டர்ல இருந்தா முழிப்பான். பொறுமையாச் சொல்லுங்க.

முக்கூடல் பீடிக்காரி மவ:
சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிடுங்க. படிவத்துல "மானியத் தொகை இந்தக் கணக்குல வரட்டும்"ங்கிற மாதிரி ஒரு கட்டம் இருக்கும். கவுண்டர்ல கேக்காமலே டிக் அடிச்சுருவாங்க. அடிச்சா ஆதார் இணைப்பு பழைய பேங்க்ல இருந்து புதுசுக்கு மாறிரும். ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்குதான். கேஸ் மானியம், நூறு நாள் வேலைக் கூலி எல்லாம் புதுக் கணக்குக்குப் போயிரும். எங்க அம்மாவுக்கு இப்படித்தான் ஆச்சு. உரிமைத்தொகை ஆயிரம் வரலை, வரலைன்னு மூணு மாசம் பழைய பேங்க்கு நடையா நடந்தா. கடைசியில பாத்தா துட்டு பூரா, லோனுக்காகத் தொடங்கி மறந்துபோன ஒரு கணக்குல கிடக்கு.

அந்த அக்காகிட்ட முதல்ல கேளுங்க: உரிமைத்தொகை, மானியத் துட்டு எல்லாம் எங்க வரணும்னு. ஆலங்குளம் பக்கம்னா பீடி சுத்தியிருப்பாவ, பிஎஃப் இருக்கும். அதுவும் பழைய கணக்கோடதான் கோத்திருக்கும். அதனால பழைய கணக்கை மூடச் சொல்லாதீங்க.

ரேகையும் பாத்துக்கிடுங்க. இலை வெட்டி, நூல் கட்டித் தேஞ்ச விரலு, போதாக்கொறைக்குப் பாத்திரச் சோப்பு. எங்கம்மாவுக்குக் கட்டைவிரல் விழவே விழாது, மோதிரவிரல்தான் விழும். காலையில பாத்திரம் தேய்க்கிறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போங்க, ராத்திரி கொஞ்சம் தேங்காண்ணெய் தடவிக்கிடச் சொல்லுங்க.

நாறும்பூ:
போஸ்ட்மேன்கிட்டச் சொன்னா வீட்டுக்கே வந்து அஞ்சலகப் பேமென்ட்ஸ் பேங்க்ல கணக்கு தொடங்கிருவாரு. இருப்பு வேண்டாம். 2 லட்சம் வரைக்கும் வச்சுக்கிடலாம். அம்மாவைத் தனியா விட முடியாதுன்னா இது தோது. ஆனா எல்லாம் ரேகையிலதான் ஓடும்.

தாமிரபரணி தண்ணி:
ஆதார் இல்லாம போட்டோவும் கையெழுத்தும் வச்சு "சின்னக் கணக்கு"ன்னு ஒண்ணு இருக்குமே?

கவுண்டர்ல 31 வருஷம்:
இருக்கு. அதுல வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல வரவு ஏறாது, மாசம் 10,000-க்கு மேல எடுக்கவும் முடியாது. இவங்களுக்கு வருஷச் சம்பளமே 1,68,000. ஆதார் கையில இருக்கப்போ அது எதுக்கு?

மேலப்பாளையம் பாய்:
இவ்வளவு பாடு எதுக்கு? பக்கத்து வீட்டுக்கு ஜிபே பண்ணி, துட்டா வாங்கிக் கொடுத்துட்டுப் போங்க.

முக்கூடல் பீடிக்காரி மவ:
பாய், ஒரு பொம்பளை தன் சம்பளத்தைப் பக்கத்து வீட்டு வாசல்ல போய் நின்னு வாங்கணுமாக்கும்?

மேலப்பாளையம் பாய்:
சரிம்மா, வாபஸ்.

பெருமாள்புரத்தான் (மூணு வாரம் கழிச்சு):
முடிஞ்சுது. நாலு நாள் லீவு போட்டு வந்தேன். என்ன நடந்ததுன்னு எழுதிருதேன், வேற யாருக்காவது ஆகும்.

முக்கூடல் அக்கா சொன்ன கேள்வியைத்தான் முதல்ல கேட்டேன். மாமியார் துட்டைப் பிடுங்கிக்கிடுதாங்கன்னு நானா ஒரு கதை கட்டி வச்சிருந்தேன். அக்கா சொன்னதைக் கேட்டதும் எனக்கு வெக்கமாப் போச்சு. "மவ பதினொண்ணாவது படிக்கா தம்பி, மாமியார்தான் வச்சுப் பாக்குதாவ. கார்டை நான்தான் கொடுத்துட்டு வந்தேன். அந்த ஆயிரம் பிள்ளைக்கு, அது அங்கனயே போகட்டும். சம்பளமும் அதுல விழுந்தா கொழுந்தனுக்கு மெசேஜ் போவும். அவன் கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வராது." அவ்வளவுதான் விஷயம். அந்த மானியக் கட்டத்தை டிக் அடிக்காம விட்டோம். அடிக்கப் போன பேனாவை அக்காவே "அது வேண்டாம் சார்"னு நிறுத்தினாவ.

சிம் அன்னைக்கே கிடைச்சுது. ஆதார்ல நம்பர் மாத்த ரெண்டு தடவை போனோம். முதல் தடவை ஒரு விரலும் விழலை. மறுநாள் பாத்திரத்தை நான் தேய்ச்சேன், வலது நடுவிரல் விழுந்துது.

வீட்டுல இருந்து பத்து நிமிஷ நடையில இருக்க அரசு பேங்க்ல போட்டாச்சு. கவுண்டர்ல கேக்காமலே மைப்பெட்டியை அக்கா பக்கம் தள்ளுனாங்க. அக்கா அதை அப்படியே திருப்பித் தள்ளிட்டு, பேனாவை வாங்கி, இனிஷியலோட கையெழுத்துப் போட்டாவ. நாமினியா மக பேரு. 20 ரூபாய் விபத்துக் காப்பீடு பழைய கணக்குலயே பிடிக்காங்களாம், அதனால இங்க வேண்டாம்னுட்டோம்.

கவுண்டர்ல 31 வருஷம்:
கார்டு எங்க வந்துது?

பெருமாள்புரத்தான்:
பாளைக்குத்தான் சார். நேத்து வந்துது. போஸ்ட்மேன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அக்காவுக்கு முதல்ல தன்னைத்தான்னு பிடிபடலையாம். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், இந்த வீட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கற தபால் எல்லாம் இது வரைக்கும் அவங்க பேருக்குத்தான் வந்துதாம்.