எட்டு நிமிஷம்

வட கரோலினாவின் மோர்ஹெட் சிட்டியில் அதிகாலையில் படகு ஏறினால், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலான யூ-352 மூழ்கிக் கிடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில்தான் படகோட்டி கதையைச் சொன்னார்.

1942 மே 9. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 'இகாரஸ்', 165 அடி நீளமுள்ள சின்னக் கப்பல். அந்த நீர்மூழ்கி அதன்மேல் விட்ட டார்பிடோ குறி தவறி வெடித்தது. பதிலுக்கு இகாரஸ், தண்ணீருக்கடியில் வெடிக்கும் ஆழ்வெடிகளைப் போட்டதும் நீர்மூழ்கி மேலே வந்தது. வெளியே ஓடிவந்தவர்கள் தளத்துப் பீரங்கியைப் பிடித்துவிடுவார்களோ என்று இகாரஸில் இருந்தவர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். நீர்மூழ்கி அமிழ்ந்ததும் சுடுவதை நிறுத்தினார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்தியது. தண்ணீரில் ஆட்கள் கத்திக்கொண்டிருக்க, இகாரஸ் அங்கிருந்து நகர்ந்துவிட்டது. இவர்களை ஏற்றலாமா என்று இகாரஸின் கேப்டன் மாரிஸ் ஜெஸ்டர் ரேடியோவில் நார்ஃபோக் கடற்படைத் தளத்தைக் கேட்டார். பதில் இல்லை. பிறகு சார்ல்ஸ்டன் கடற்படைத் தளம்தான் ஏற்றச் சொன்னது. அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிட்டிருந்தது.

கடலில் கிடப்பவனைத் தூக்க உத்தரவு வேண்டுமா என்று நான் கோபமாகவே கேட்டேன். "இன்னொரு நீர்மூழ்கி பக்கத்தில் இருந்திருந்தால்? நின்ற கப்பல்மேல் குறி தப்பாது" என்றார் படகோட்டி. அதுவும் சரிதான்.

திரும்பி வந்து 33 பேரை ஏற்றினார்கள். அவர்களில் நீர்மூழ்கியின் கேப்டன் ராட்கேயும் ஒருவர். கால் போன மாலுமி ஒருவனுக்கு ரத்தம் நிற்கத் தன் இடுப்பு பெல்ட்டையே கட்டியிருந்தாராம். ஆனாலும் கரை சேருமுன் அவன் இறந்துபோனான்.

இடம் வந்ததும் காற்று சிலிண்டரோடு நான் முங்கினேன். நீர்மூழ்கி 115 அடி ஆழத்தில், மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது. நினைத்ததைவிட ஒல்லி. ஓட்டைகள் வழியே மீன் கூட்டம் போய்வந்துகொண்டிருந்தது. உள்ளே இறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் நான் தொடவில்லை. அந்த ஆழத்தில் காற்று மளமளவென்று தீரும். இருபது நிமிஷம்கூட இருக்க முடியவில்லை.

மேலே வரும்போது நங்கூரக் கயிற்றைத் தவறவிட்டேன். என் தப்புதான். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் படகின் பின்பக்கம்தான் தெரிகிறது, அதுவும் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. வேறு இருவரை ஏற்றத்தான் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. விசில் ஊதினேன், கத்தினேன், கையை ஆட்டினேன். அலை ஏறும்போது படகு தெரியும், இறங்கும்போது தெரியாது.

கடைசியில் ஏணியைப் பிடித்தபோது படகோட்டி சொன்னார்: "எட்டு நிமிஷம்தான் ஆச்சு." என் கைக்கடிகாரமும் அதையேதான் காட்டியது. நான் நம்பவில்லை.