யூதக் கல்யாணத்துக்குப் போய் வந்தவங்க இருக்கீங்களா? அந்தக் கண்ணாடிச் சத்தம் இன்னும் காதுல இருக்கு

கம்பு_பிடிச்சவன்

நாலு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது, அதான் இங்க கொட்டுறேன். மாப்பிள்ளை என்கூட இஸ்ரேல்ல பெர்ஷெவா லேப்ல மூணு வருஷம் பக்கத்து மேசை. கல்யாணம் ஜெருசலேம் பக்கத்துல மலைச்சரிவுல, திறந்தவெளி. பொண்ணு வீடு பியூனஸ் ஐரிஸ். மாப்பிள்ளையோட பாட்டி ஆன்ட்வெர்ப், சித்தப்பா வகையறா பாரிஸ். ஹுப்பான்னா தெரியும்ல, நாலு கம்புல துணி விரிச்ச பந்தல். சில இடத்துல கம்பை நட்டு வெச்சிருப்பாங்க. இங்க ஆள் பிடிக்கணும். ஒரு கம்பு எனக்கு. மத்த மூணும் அர்ஜென்டினா மாமா, பாரிஸ் பையன், மாப்பிள்ளைகூட பட்டாளத்துல இருந்த எத்தியோப்பிய வம்சாவளி நண்பன். மேல விரிச்சிருந்தது மாப்பிள்ளையோட தாத்தாவோட பிரார்த்தனைச் சால்வை.

பொண்ணு மாப்பிள்ளையை ஏழு சுத்து வரணும். ஒவ்வொரு சுத்துக்கும் அவ உடுப்போட விளிம்பு என் ஷூ மேல ஏறி இறங்குது. மலைக்காத்து வேற. சால்வை பாய்மரம் மாதிரி இழுக்க, நாலாவது சுத்துலயே எனக்குத் தோள்பட்டை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் வலது கை ஆள்காட்டி விரல்ல மோதிரம். கெத்துபா (கல்யாண ஒப்பந்தம்) வாசிப்பு முழுக்க அரமேயிக்னு ஒரு பழைய மொழி, ஒரு வார்த்தை பிடிபடல. ஏழு ஆசி. கடைசியா துணியில சுத்தின கண்ணாடி டம்ளரைக் கீழ வெச்சாங்க.

மாப்பிள்ளை அதை மிதிச்சு உடைப்பான்னு எனக்குத் தெரியும். வீடியோ பாத்துட்டுத்தான் போயிருந்தேன். ஆனா மிதிச்ச சத்தம் கேட்டதும் என் வாய் தானா "ஐயோ"ன்னு சொல்லிருச்சு. சத்தமா! கம்பும் சாஞ்சு, சால்வை நேரா ரபி (யூத குரு) தலைமேல. அதுக்குள்ள எல்லாரும் "மஸல் தோவ்"னு (வாழ்த்துச் சொல்) கத்தி ஆட ஆரம்பிச்சுட்டாங்க, பாதிப் பேர் கவனிச்சிருக்கவே மாட்டாங்க. ஆன்ட்வெர்ப் பாட்டி கவனிச்சாங்க. என் கையைப் பிடிச்சு "ஓய், ஓய்"னு சிரிச்சாங்க. அவங்க பேசுற யித்திஷ்ல (ஐரோப்பிய யூதர் மொழி) "ஓய்"னா நம்ம ஐயோதான்னு பின்னாடி தெரிஞ்சுது.

நம்ம வீட்ல தாலி ஏறுற நேரம் கெட்டிமேளம் எதுக்கு? ஒரு தும்மல் சத்தம்கூட காதுல விழக் கூடாதுன்னுதானே. அதே நேரத்துல இவங்க வேணும்னே ஒண்ணை உடைக்கிறாங்க. ஒரு வாரம் கழிச்சு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "அதுக்குத்தானே உடைக்கிறோம்"னான், சென்ட்ரிஃபியூஜைப் பாக்கப் போயிட்டான். எதுக்குத்தான்? அவன் சொன்னது எனக்கு ஆறுதலா, திட்டான்னே பிடிபடல.

மடிப்பு_கலையாதே

அண்ணா, உங்களுக்காவது கம்பு சாஞ்சுது. எனக்குச் சேலை அவிழப் பாத்துச்சு.

ஆஃபீஸ்ல கூட வேலை பாத்த பொண்ணோட கல்யாணம், இஸ்ரேல்ல ரமத் கான்ல. செவ்வாய்க்கிழமைன்னு அம்மாகிட்ட போன்ல சொன்னதும் "செவ்வாயோ வெறுவாயோன்னு சொல்லுவாங்களே, அந்த ஊர்ல பெரியவங்களே இல்லையா"ன்னாங்க. அங்க தலைகீழ். பைபிள் படைப்புக் கதையில மூணாவது நாளுக்கு "நல்லது"ன்னு ரெண்டு தடவை வருதாம், அதனால செவ்வாய் ரெட்டை நல்ல நாள். பொழுது சாஞ்சா அடுத்த நாள் கணக்குங்கிறதால திங்கள் ராத்திரியும் அதுல சேரும்.

ஆட்டத்துல ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல செடித்தொட்டி வரிசை. ஓரமா நின்ன என்னை ரெண்டு கையும் பிடிச்சு வட்டத்துக்குள்ள இழுத்துட்டாங்க. பட்டுச்சேலை, ஹீல்ஸ், முன்னாடி ரஷ்யக்காரப் பொண்ணு, பின்னாடி மொராக்கோ அத்தை. மூணாவது சுத்துல கொசுவம் மொத்தமா கையோட வந்துருச்சு. ஒரு கையால அள்ளிப் பிடிச்சுட்டு அழாத குறையா நிக்கிறேன். எங்கிருந்தோ ஒரு வயசான அம்மா வந்து, என் முகத்தைக்கூட பாக்காம, விரலாலயே மடிப்பு மடிப்பா எடுத்து, தன் பையில இருந்த ஊக்கைக் குத்தி, இந்தியில "பஸ், ஹோ கயா"ன்னாங்க, அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு. பெனே இஸ்ரேல்னு இந்திய யூத சமூகம். பாம்பாயில பிறந்து சின்ன வயசுல திமோனாவுக்கு வந்தவங்க. ஐம்பது வருஷமா சேலை கட்டலையாம். அந்த விரலுக்கு மறக்கல.

ஊக்கைத் திருப்பிக் கொடுக்கணும்னு தேடினேன், அதுக்குள்ள கிளம்பிட்டாங்க. இன்னும் என்கிட்டதான் இருக்கு.

பால்காபி

சுருக்கமா சொல்றேன். நியூயார்க் புரூக்ளின், பரோ பார்க். நான் சைவம், சாலடும் ரொட்டியுமா ஓட்டினேன் (ரொட்டியில முட்டை உண்டுன்னு அப்புறம்தான் தெரியும், அதை விடுங்க). சாப்பாடு முடிஞ்சு காபி வந்துச்சு. பரிமாறின பையன்கிட்ட "கொஞ்சம் பால்"னேன். மேசையில எட்டுப் பேர். எட்டு முள்கரண்டியும் ஒரே நேரத்துல நின்னுச்சு. அன்னைக்குக் கறி விருந்து. கறி போட்ட பந்தியில பால் எட்டியும் பாக்கக் கூடாது, ஐஸ்கிரீம் மாதிரி கொண்டு வந்ததும் சோயாதான். பக்கத்துல இருந்த மெல்பர்ன் தாத்தா கடைசியில "அடுத்த ஆறு மணி நேரம் எங்க யாருக்கும் கிடையாது, நீ மட்டும் எப்படி?"ன்னு கேட்டதும்தான் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. கறுப்பு காபி குடிச்சேன்.

மூலநூல்_முனியன்

கம்பு பிடிச்ச தம்பிக்கு. ஒரு இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி நாலு வரி படிச்சுட்டுப் போகணும். அது சகுனமும் இல்ல, அபசகுனமும் இல்ல. கி.பி. 70ல ரோமாபுரிப் படை எருசலேம் ஆலயத்தை இடிச்சதோட துக்கம். உச்சகட்ட சந்தோஷத்துலயும் அதை மறக்கக் கூடாதுங்கிறதுக்காகத்தான் உடைக்கிறதுக்கு முன்னாடி பைபிள்ல வர்ற 137ஆம் சங்கீத வரியைச் சொல்றாங்க. அதுக்கும் பழைய வேர் தால்மூத்ல (யூத மதச் சட்ட நூல்) இருக்கு. ஒரு ரபி தன் மகன் கல்யாண விருந்துல வந்தவங்க ரொம்பக் கும்மாளம் போடுறதைப் பாத்துட்டு, நானூறு சூஸ் (பழைய வெள்ளிக்காசு) விலையுள்ள கிண்ணத்தைக் கொண்டு வந்து அவங்க முன்னாடியே உடைச்சார், எல்லாரும் அடங்கிட்டாங்க. கெத்துபாவுல கன்னிப்பெண்ணுக்கு எழுதுற தொகையே இருநூறு சூஸ்தான், கிண்ணத்தோட மதிப்பைக் கணக்குப் போட்டுக்குங்க. அப்புறம் கெட்டிமேளம் ஊருக்கு அறிவிக்கத்தான், நீங்க சொல்ற காரணம் பாட்டி கதை.

நான் போனது ஒரே ஒரு கல்யாணம், லண்டன்ல. அங்க டம்ளருக்குப் பதிலா பல்பை உடைச்சாங்க. மெல்லிசு, சத்தம் நல்லா வருதாம். எனக்குப் பிடிக்கல.

மடிப்பு_கலையாதே

@மூலநூல்_முனியன் அடங்கணும்னுதானே அந்த ரபி உடைச்சார்? அப்ப அந்தக் கூட்டத்துல சரியா அடங்கினது கம்பு அண்ணா ஒருத்தர்தான். மத்தவங்கதான் மஸல் தோவ்னு குதிச்சிருக்காங்க. பாட்டி கதைன்னா கேவலமா என்ன?

பத்துக்_கல்யாணம்_பாத்தவன்

யாரும் கேக்கல, இருந்தாலும் போறவங்களுக்குப் பயன்படும். மொய்: இஸ்ரேல்னா பணமோ செக்கோ கவர்ல போட்டு வாசல்ல இருக்கிற பெட்டியில போடுங்க, குக்கர் கிரைண்டர் தூக்கிட்டுப் போகாதீங்க. நம்ம 501, 1001 மாதிரி அவங்களுக்கு 18ஓட மடங்கு. "ஹை"ன்னா உயிருள்ளது, அந்த ரெண்டு எழுத்தோட எண் மதிப்பு எட்டும் பத்தும். 180, 360ன்னு வெச்சா கவரைத் திறக்கிறவங்க முகம் மலரும். தலைக்குக் கிப்பா (சின்ன வட்டத் தொப்பி) வாசல்லயே கொடுப்பாங்க, பல இடத்துல உள்பக்கம் ஜோடி பேரும் தேதியும் அச்சடிச்சிருக்கும், எடுத்துட்டு வரலாம். ஆச்சாரமான வீடுன்னா ஆம்பளைங்க பொண்ணுக்கோ அவ அம்மாவுக்கோ கை நீட்டாதீங்க, தலையசைப்பு போதும். பொண்ணும் மாப்பிள்ளையும் அன்னைக்கு விரதம், ஹுப்பா முடியிற வரைக்கும் ஜூஸ் கூட நீட்டாதீங்க. முடிஞ்சதும் ரெண்டு பேரையும் ஒரு அறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்துவாங்க, வெளியே சாட்சி நிப்பாங்க. உள்ள முதல் வாய் சாப்பிடுறதே அங்கதான். கதவைத் தட்டி செல்ஃபி கேக்காதீங்க (ஒருத்தர் கேட்டார், நான் பாத்தேன்). கெத்துபா சாட்சிக் கையெழுத்துக்கு நண்பன்னு முன்னாடி போய் நிக்காதீங்க, ரத்த சம்பந்தம் இல்லாத யூதர் ரெண்டு பேர்தான் போடலாம், கூடப்பிறந்த அண்ணனே போட முடியாது. இஸ்ரேல்ல ஹுப்பாவுக்கு முன்னாடியே சுத்திச் சுத்தித் தட்டு வரும். அதுதான் விருந்துன்னு நினைச்சு வயித்தை ரொப்பிட்டா அப்புறம் வர்றதைப் பாத்து அழுவீங்க. நம்ம ஆடி மாதிரி அவங்களுக்கும் உண்டு. பஸ்காவுக்கு அப்புறம் சில வாரம், கோடையில மூணு வாரம் கல்யாணம் வைக்கிறதில்ல. லீவு போடுறதுக்கு முன்னாடி பாருங்க. வெள்ளி சாயங்காலம் அவங்க ஓய்வுநாள் தொடங்கிடும், அப்போ கிளம்புற மாதிரி டிக்கெட் போட்டு பஸ் இல்லாம நிக்காதீங்க.

என் கதையா? எருசலேம்ல ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையை நாற்காலியோட தூக்கினப்போ ஒரு கால் என் கையில இருந்துச்சு. ஆள் தொண்ணூறு கிலோ. முதுகுக்கு இன்னும் தைலம் தேய்க்கிறேன்.

வயல்வெளி

நான் போனது இஸ்ரேலோட நேகேவ் பாலைவனத்துல நெவாதிம் கிராமம். 1954ல கொச்சியிலிருந்து போனவங்க குடியேறின ஊர், கொச்சி யூதர் அருங்காட்சியகமே அங்க இருக்கு. பேரனுக்குக் கல்யாணம், பொண்ணு கனடா. நான் பாலக்காடு எல்லையில பொள்ளாச்சிக்காரன், பக்கத்துப் பண்ணையில சொட்டுநீர்ப் பாசனம் படிக்கப் போயிருந்தேன். சும்மா கூப்பிட்டாங்க, போனேன்.

முதல் நாள் ராத்திரி வீட்டு முற்றத்துல நாலைஞ்சு கிழவிங்க ஒரு பழைய நோட்டைப் பிரிச்சு வெச்சுட்டுக் கையைத் தட்டிப் பாடினாங்க. மலையாளம்! கொச்சி யூதப் பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா நோட்டுல எழுதி வெச்சுப் பாடின பாட்டுங்க. நடுநடுவுல எபிரேயச் சொல். கனடாக்காரங்க போன்ல படம் பிடிக்கிறாங்க, பேரப்பிள்ளைங்களுக்கு ஒரு அட்சரம் தெரியல. பாட்டுல "மணவாளன்"னு வந்துச்சு. என்னையறியாம தலையாட்டிட்டேன் போல. ஒரு கிழவி பாட்டை நிறுத்திட்டு "மனசிலாயோ?"ன்னு கேட்டாங்க. "ஆயி"ன்னேன். அதுக்கப்புறம் அவங்க என்னைப் பாத்தே பாடினாங்க, மாப்பிள்ளையைப் பாக்கவே இல்ல. எனக்குத்தான் கூச்சமா போச்சு.

மறுநாள் ஹுப்பாவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா சரியா சொல்லத் தெரியாது.

கம்பு_பிடிச்சவன்

எல்லாருக்கும் நன்றி. முனியன் ஐயா, தால்மூத் கதை புதுசு, அதுக்கு மட்டும் வணக்கம். கெட்டிமேளம் பத்தி எங்க ஊர் மேளக்காரரையே கேட்டுட்டு வந்து சண்டை போடுறேன்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அவனும் பொண்டாட்டியும் தை மாசம் என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கும்பகோணம் வர்றாங்க. "நான் என்ன பிடிக்கணும்?"னு மெசேஜ் போட்டிருக்கான். நம்ம பந்தல்ல ஆள் பிடிக்கிற மாதிரி எதுவுமே இல்லையே. காசி யாத்திரைக்குக் குடை பிடிக்கச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன். அது பொண்ணு வீட்டு ஆள் செய்யிறதுதானே? பெரியவங்க யாராவது சொல்லுங்க.