கொழும்பில் ஒரு பகல் மட்டும்: கண்டிக்குப் போகலாமா, நகரிலேயே இருக்கலாமா?

சத்துவாச்சாரி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நானும் என் மனைவியும், எழுபதைக் கடந்த என் தாயாரும் செல்லவிருக்கும் சொகுசுக் கப்பல், காலை 8 மணிக்குக் கொழும்பை அடைந்து மாலை 6 மணிக்குப் புறப்படும். வேலூர்ப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் என்பதால், அங்கே அடக்கமாகியிருக்கும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆண்ட கண்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கப்பல் நிறுவனத்தின் பேருந்துச் சுற்றுலாவுக்குக் கட்டணம் அதிகம். நாங்களே கார் அமர்த்திப் போய்வர முடியுமா?

காட்பாடி வாசகர்:
ஐயா, இந்த நேரக் கணக்குக்குக் கண்டி ஒத்து வராது. தொலைவு சுமார் 115 கிலோமீட்டர்தான் என்றாலும், பிற்பாதி மலைப்பாதை என்பதால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். சொந்தமாகக் கார் பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. புறப்படும் நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏறிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கண்டியில் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான நேரம்தான்.

தாங்கள் தேடும் அரசரைக் கொழும்பிலேயே காணலாம் என்பதே என் கருத்து. 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அவரைக் கொழும்பில் வைத்திருந்து, 1816-இல் அங்கிருந்தே கப்பலேற்றிச் சென்னை வழியாக வேலூருக்கு அனுப்பினார்கள். நம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் கண்டி மகாலும், 1832-இல் அவர் மறைந்ததும் அதன் தொடர்ச்சியே. கொழும்புக் கோட்டைப் பகுதியில், உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு இடையே, கம்பிக் கதவு போட்ட மிகச் சிறிய அறை ஒன்றை அவர் சிறையிருந்த இடம் என்று காட்டுகிறார்கள். அவர் ஒரு வீட்டில் வசதியாகவே காவலில் இருந்தார் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு; எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனாலும் ஐந்து நிமிடம் நின்று பார்க்கத் தகுந்த இடம்தான்.

உண்மையான நிறைவு 1877-இல் தொடங்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் கிடைக்கும். டச்சுக்காரர்கள் 1693-இல் கண்டி மன்னருக்கு அளித்து, பின்னர் ராஜசிங்கன் வரை பயன்படுத்திய அரியணை, ஆங்கிலேயர் கைக்குப் போய் 1934-இல் திரும்பி வந்து அங்கே இருக்கிறது. கைப்பிடிகளில் சிங்கங்களும் சாய்மானத்தின் உச்சியில் சூரியனுமாக, பொன் தகடு போர்த்திய அந்த இருக்கையை விட்டு எளிதில் நகர முடியாது. காலி நகரில் 1911-இல் ஒரு மதகின் மேல் கவிழ்த்துப் போட்டிருந்த நிலையில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல்லில் சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் தமிழும் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கிறது.

ஆற்காடு வாசகர்:
காட்பாடியார் சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் மட்டும் உண்டு: அருங்காட்சியகத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால், கப்பலிலிருந்து இறங்கியதும் நேராக அங்கே செல்வதே நல்லது. ஆடிவேல் விழாவில் தேர் புறப்படுவதும் அந்தத் தெருவிலிருந்துதான். அருகிலுள்ள புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் அடுக்கிய, மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களைக் கொண்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். கடைவீதியின் நெரிசல் நம் வேலூர் லாங்கு பஜாரையே அமைதியான இடம் என்று எண்ண வைத்துவிடும். அம்மாவை அதற்குள் நடக்க வைக்காதீர்கள்.

சத்துவாச்சாரி வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கண்டியைக் கைவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் நடையைக் குறைக்க என்ன வழி? அவர் சைவ உணவு மட்டுமே உண்பார்.

ராணிப்பேட்டை வாசகர்:
கோட்டையும் புறக்கோட்டையும் துறைமுகத்தை ஒட்டியே இருக்கின்றன; அருங்காட்சியகத்துக்கு மட்டும் வண்டி தேவைப்படும். தெருவில் நிற்கும் ஆட்டோவில் பேரம் பேசுவதைவிட, பிக்மீ செயலியில் கார் அழைத்தால் கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதற்கு இணைய வசதி வேண்டும் என்பதால் கைப்பேசியில் ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். கோயிலிலிருந்து வெளியே வந்ததும் அந்தப் பகுதியிலேயே ஒரு சைவக் கடையில் அம்மாவுக்குச் சாப்பாடு முடித்துவிடலாம். காலிமுகத் திடலில் கடற்காற்று வாங்கலாம்; ஆனால் அங்கே பேர்பெற்றது இறால் வடை, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, கப்பல் நிற்கும் நாள் பௌர்ணமியா என்று நாட்காட்டியில் பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை என்பதால் பல கடைகள் அடைத்திருக்கும்; அப்படி அமைந்தால், அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.