கண்ணில் நீர் வழிகிறது, ஆனால் கண் உலர்ந்திருக்கிறதாம்: எப்படி?

கேள்வி:
தினமும் பத்து மணி நேரம் கணினி முன்னால்தான் வேலை. மூன்று மணி ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். எழுத்து மங்கும், நாலு தடவை சிமிட்டினால் தெளியும். அப்புறம் நீர் வழியும். இவ்வளவு நீர் வரும்போது இது எப்படி உலர்ச்சி ஆகும்? சிவப்பு போக ஒரு சொட்டு மருந்து போடுகிறேன். போட்டதும் வெளுக்கிறது, சாயங்காலம் முன்பைவிடச் சிவக்கிறது.

பதில்:
முதலில் அந்தச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். அந்த வகை மருந்துகளில் பல, ரத்தக் குழாயைச் சுருக்கி வெளுப்புக் காட்டும், ஈரம் தராது. விட்டதும் சிவப்பு திரும்பி வரும்.

நீர் வழிவதும் உலர்ச்சியால்தான். கண்ணீர்ப் படலத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து, ஒவ்வொரு சிமிட்டலிலும் அது வருகிறது. அது குறைந்தால் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். எரிச்சல் தாங்காமல் கண் அவசரமாக நீரைக் கொட்டும், அது கண்ணில் தங்காமல் வழிந்துவிடும்.

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையாவது சிமிட்டுவோம். திரையைப் பார்க்கையில் அது பாதிக்கும் கீழே போகும், அதிலும் பல அரைச் சிமிட்டல். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்க்கச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் இமை முழுதாக மூடாவிட்டால் பாதிப் பலன்தான். வேலை செய்யும்போது உங்கள் முகத்தை ஒரு நிமிடம் கைப்பேசியில் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
எடுத்தேன். நிமிடத்துக்கு ஆறு. முழுதாக மூடியது இரண்டே தடவை! திரையும் கண்ணைவிட உயரத்தில் இருக்கிறது, ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கிறது.

பதில்:
திரையை இறக்குங்கள். பார்வை சற்றுக் கீழே போனால் கண் குறைவாகத் திறந்திருக்கும், ஈரம் மெதுவாகக் காயும். ஏசி காற்றைத் திருப்பிவிடுங்கள். இரவில் வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடமாவது வையுங்கள். துணி சட்டென்று ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். இமைச் சுரப்பிகளில் கெட்டிப்பட்ட எண்ணெய் இளகும்.

செயற்கைக் கண்ணீர் (ஈரம் தரும் சொட்டு மருந்து) ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள் (preservative) இல்லாததை வாங்குங்கள். கண் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், சிமிட்டியும் தெளியாத மங்கல், கூடவே வாய் வறட்சி, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் கண்ணை வறளச் செய்யும்.